பதினான்கு அங்குலம்

பெடல் கல்லாகிவிடுகிறது என்றாள் ஓர்லீன் பென்ஹேல்.
காலையில் இல்லையாம்.
மளிகை வாங்கித் திரும்பும்போது மட்டும்.
மொன்டானா தெரு இறக்கத்தில்
இரண்டு காலையும் ஊன்றியும்
சிவப்பு விளக்கைத் தாண்டித்தான் நின்றதாம் வண்டி.
எதிரே சாலையைக் கடந்துகொண்டிருந்த பாதிரியார்
சிலுவைக் குறி போட்டுக்கொண்டதை
சிரிக்காமல் சொன்னாள்.

அறுபத்து நாலாம் வருஷத்து மெர்க்குரி.
தூக்கம் கலையாத முகம் அதற்கு.
நான்தான் விற்றேன்,
சுரங்கத்தில் ஆள் குறைத்த குளிர்காலத்தில்,
பதினோரு வருஷம் முன்பு.

பானட்டைத் தூக்கி மானியைச் செருகினேன்.
வெறுமையை அளக்கும் கருவி.
எஞ்சின் எவ்வளவு ஆழமாக மூச்சை இழுக்கிறது என்று
ஒற்றை முள் சொல்லும்.
பதினான்கு என்றது.
புத்தகம் பதினெட்டு கேட்கிறது.
மீதி நாலு அங்குலம் எங்கே?

அதைத் தேடி ஒரு பிற்பகலைத் தொலைத்தேன்.
கார்புரேட்டருக்கு அடியில் புது கேஸ்கட்.
இன்டேக் விளிம்பெல்லாம் ஸ்ப்ரே அடித்து
எஞ்சின் குரல் மாறுகிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
மாறவில்லை.
வால்வு எரிந்திருந்தால் முள் தாளம் தப்பாமல் துள்ளும்.
ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நடுங்கும்.
இதுவோ அசையாத பதினான்கு,
எத்தனை முறை கேட்டாலும் ஒரே சாட்சி.

கை கழுவ ஜன்னலோரம் போனபோது
மலைமேல் சுரங்கத்து இரும்புக் கோபுரங்கள்,
அவற்றுக்கும் மேலே பனி.
அப்போதுதான் உறைத்தது.
பியூட் நகரமே ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது.
கடலோரத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய புத்தகம்.
ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம்
மலை எடுத்துக்கொள்ளும்.
கூட்டினால் பத்தொன்பதரை.
நாற்பது வருஷம் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன்,
கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறேன்.

மறுநாள் காலை, எஞ்சின் ஜில்லென்றிருக்க,
பெடலை ஐந்தாறு முறை மிதித்து
மிச்ச இழுப்பைக் காலிசெய்தேன்.
பாதத்தை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன்.
பெடல் லேசாக இறங்கிக் கொடுத்தது,
தெரிந்தவர் தலையசைப்பதுபோல.
பூஸ்டர் நலம். எஞ்சின் நலம்.
எல்லாம் நலம் என்பதைவிட மோசமான செய்தி
என் தொழிலில் கிடையாது.

"ஓடவிடுங்க. சூடானால்தான் அதுக்குக் கோபம் வரும்,"
கோட்டைக் கழற்றாமலே சொன்னாள் ஓர்லீன்.
அதை நேற்றே சொல்லியிருந்தாள்.

இருபது நிமிடம். ஒரே ஃபிளாஸ்க் காபி, இரண்டு பேர்.
மிதித்தேன்.
கல்.
பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய்
அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
நடுவில் ஒட்டிப்போயிருந்தது,
பட்டினிக்காரன் வயிறு முதுகோடு ஒட்டுவதுபோல.

அது ஹீட்டருக்கான குழாய்.
உள்ளிருந்து தள்ளும் வெந்நீரைத் தாங்கும்.
உள்ளே இழுக்கும் வெறுமைக்கு அதனிடம் பதில் இல்லை.
குளிரில் விறைப்பாக நிற்கும்.
வருஷா வருஷம் இளகி இளகி
இந்த அக்டோபரில் கைவிட்டது.

கிளாம்பைத் தளர்த்தி உருவினேன்.
வெட்டிய முனை சாய்ந்திருந்தது,
இடது கைக்காரன் கத்தி சாய்கிற பக்கமாக.
என் இடது கையில் ஸ்க்ரூடிரைவர்.
மூன்று டாலர் மிச்சம் பிடித்த சாயங்காலம்,
அதற்குப் பிறகு அவள் இறங்கிய இறக்கங்கள்,
அந்தப் பாதிரியார்.

"நான் போட்டது," என்றேன்.

அவள் குழாயை வாங்கி
ஒரு கண்ணை மூடி
அதன் வழியே என்னைப் பார்த்தாள்.
"வேற என்னென்ன போட்டீங்க?"

ஜாக்கை உருட்டி வந்தேன்.
முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ஆரம்பித்தோம்.